சிப்பிபிடிப்பானின் மற்றக் கால்

என் கணவர் இக்னேஷியஸ் கீழே விழுந்த கரண்டியைக்கூடக் குனிந்து எடுக்காதவர். கேட்டால் முழங்கால் வலி என்பார். கட்டிலுக்கடியில் செருப்புப் போனால் நான்தான் தும்புத்தடியால் இழுத்துக் கொடுக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட மனிதர் தேற்றாத்தீவுக் கடற்கரையில் ஈர மணலில் குப்புறப் படுத்து, உடும்பு போல ஊர்ந்து ஊர்ந்து, ஓர் உள்ளான் குருவியை நோக்கிப் போவதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

இந்த வியாதி அவருக்குத் தொற்றியது, பறவைகளைப் படம் பிடிக்கிற ‘கிழக்குச் சிறகு வட்டம்’ என்ற சங்கத்தில். எல்லோரும் ஆண்கள். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப் பேர் வேலையில் இருந்துகொண்டே ஓய்வெடுக்கிறவர்கள். தலைவர் நல்லரத்தினம் ஏதோ ஒரு திணைக்களத்தில் உதவிப் பணிப்பாளராக இருந்தவர். கையெழுத்துப் போட இப்போது கோப்பு இல்லாததால் பறவைகளைப் பிடித்துக்கொண்டார். கடற்கரையில் நின்றாலும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற குரலில்தான் பேசுவார். அலை இரைந்தால், அது அடங்கட்டும் என்று பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

நான் தையல்காரி. தாண்டவன்வெளியில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் மெசின் இருக்கிறது. முதல் நன்மைச் சட்டை, கல்யாணச் சட்டை, பள்ளிக்கூட வெள்ளை எல்லாம் தைப்பேன். ஒரு நாள் நல்லரத்தினம் ஒரு சுருள் யன்னல் சீலையோடு வந்தார். வெளிநாட்டுப் படப்பிடிப்பாளர்கள் எல்லோரும் தங்களையும் கமராவையும் மூடி மறைத்துக்கொண்டுதான் பறவைகளிடம் போவார்களாம். இராணுவக் கோலம் போட்ட துணியை இந்த நாட்டில் நாங்கள் உடுத்தினால் பறவையைப் படம் பிடிக்கிற முன்னம் எங்களைப் பொலிஸ் பிடிக்கும். ஆகவே அவர் கண்டுபிடித்த மாற்று, பச்சை யன்னல் சீலை. மணலில் எங்கே இவ்வளவு பச்சை இருக்கிறது என்று கேட்டேன். பறவைக்குப் பச்சை என்றால் இயற்கை, பயப்படாது என்று விளக்கினார். நான் ஏன் வாய் கொடுப்பான்? கமராவுக்கு உறை, தலைக்கு முக்காடு, முதுகுக்குப் போர்வை என்று எல்லாருக்கும் தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து மாரி காலத்தில் தேற்றாத்தீவு வெண்மணலில் பத்துப் பச்சைச் செடிப் பற்றைகள் நகர்ந்து திரிகின்றன. ஊர் நாய்கள் முதலில் குரைத்தன. பிறகு அவையும் இவர்களை ஒரு பொருட்டாக எடுக்காமல் விட்டுவிட்டன.

சங்கத்துக்கு ஒரு ரீசேர்ட் உண்டு. அதன் முதுகில் ‘பறவைகளுக்கு இடையூறு செய்யாதே’ என்று அச்சடித்திருக்கிறார்கள். முதுகில் போட்டது நல்லதாகப் போயிற்று, போட்டவருக்குத் தெரியாது. ஏனென்றால் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கூட்டமாக இருந்து இளைப்பாறும்போது, பறக்கிற படம் வேண்டும் என்பதற்காக ஒருவரை ஓடவிட்டு அவற்றை எழுப்புவார்கள். முறை வைத்து ஓடுவார்கள். எங்கேயோ பனி உறைகிற தேசத்திலிருந்து, உயிர் பிழைக்க இவ்வளவு தூரம் பறந்து வந்த சீவன்கள் கொஞ்சம் கண் மூடினால் போதும், ஓய்வு பெற்ற ஒருவர் கையைத் தட்டிக்கொண்டு ஓடி வருவார். எழும்பும், சுற்றும், இருக்கும். மறுபடி எழுப்புவார்கள். பிறகு வட்டமாக நின்று மீன் வைத்த மாலு பனிஸ் சாப்பிட்டுக்கொண்டு, பறவைகள் வரவரக் குறைகின்றன என்று கவலைப்படுவார்கள்.

என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகிறார் என்றால், மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து கமரா முக்காலியைக் கட்டிப்பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வீட்டுக்கு வந்தால் படங்களைக் கணினியில் போட்டுத் துடைத்துத் தரவும் ஆள் வேண்டும். சட்டை மாதிரிகளைக் கணினியில் வரையப் பழகிய எனக்கு அந்த வேலை தெரியும். வானத்தில் புள்ளி இருந்தால் அழிப்பேன், கடல் சரிந்திருந்தால் நிமிர்த்துவேன். படத்தின் கீழே அவர் பெயர் வரும்.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை, மழை விட்டிருந்த காலையில், அந்தப் பறவை வந்திருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, மடத்துச் சிஸ்டர் ஒருவர் தனியே கடல் பார்க்க வந்தது போல நின்றது. அலகு மட்டும் நீளமாக, பழுத்த மிளகாய்ச் சிவப்பு. சிப்பிபிடிப்பான் என்றார்கள். இலங்கைக்கே அரிதாகத்தான் வருமாம், எங்கள் பக்கத்தில் யாரும் படம் எடுத்ததில்லையாம். பச்சைப் பற்றைகள் எல்லாம் மூச்சுவிட மறந்து மணலில் விழுந்தன.

அது பறக்கவில்லை. இவர்கள் ஊர்ந்து கிட்டப் போனார்கள், அப்போதும் பறக்கவில்லை. இரண்டு தத்துத் தத்திவிட்டு நின்றது. என் கணவர் எல்லாரையும் விடக் கிட்டப் போய், கமராத் திரை முழுக்கப் பறவையாக எடுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. பறவை தன்னை நம்புகிறது என்றார். ஊருகிற முறை அப்படி, மூச்சை எங்கே விட வேண்டும் எங்கே பிடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, எல்லாருக்கும் வராது என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி அவர் ஒரு பேச்சுப் பேச வேண்டும் என்று நல்லரத்தினம் அங்கேயே தீர்மானம் நிறைவேற்றினார்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது, கேட்டேன். வந்ததிலிருந்து அது ஒற்றைக் காலில் நிற்கிறது, தத்துவதும் ஒற்றைக் காலில், மற்றக் கால் எங்கே?

சிரித்தார்கள். எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். என் கணவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தார், நான் அவருடைய மனைவி என்ற குறையைச் சரிக்கட்ட வேண்டுமே. நல்லரத்தினம் எனக்கு வகுப்பெடுத்தார். கரைப்பறவைகள் இளைப்பாறும்போது ஒரு காலை வயிற்று இறகுக்குள் செருகி வைக்கும், உடம்புச் சூடு வீணாகாமல் இருக்க. சோம்பல் வந்தால் அந்த ஒற்றைக் காலாலேயே தத்தித் தத்திப் போகவும் செய்யும். இது பறவை பார்க்கிறவர்களின் அரிச்சுவடி, மிஸிஸ் என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தக் கரையிலேயே அப்படி நின்ற உள்ளான்களை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அரிச்சுவடி படித்தவர்களுக்குத்தான் அந்தக் கால் தெரியாமல் போயிற்று. ஒன்றும் படிக்காத ஒரு பிள்ளை பார்த்திருந்தால், பாவம் நொண்டி என்று உடனே சொல்லியிருக்கும்.

சனிக்கிழமை பின்னேரம் இக்னேஷியஸ் படங்களோடு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். கொழும்பில் வருசா வருசம் பறவைக் கலண்டர் ஒன்று போடுகிறார்கள். அதற்குப் படம் தெரிவு செய்கிறவர் மறுநாள் தேற்றாத்தீவுக்கு வருகிறார். நல்லரத்தினம் சிப்பிபிடிப்பானைக் காட்டி ஆளை அழைத்திருந்தார். அந்தக் கலண்டரில் ஒரு மாதம் என் கணவருக்கு வேண்டும். சாப்பாடு, பூசை, சம்சாரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே படங்களைத் துடைக்க வேண்டும். வயிற்றடியில் ஏதோ குப்பை தொங்குகிறது, பின்னால் மணலிலும் கிடக்கிறது, அதை அழி என்றார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். நூலைப் பார்க்கிற கண் எனக்கு. அது தங்கூசி. மீன்காரர்கள் பாவிக்கிற அதே நைலோன் நூல், வயிற்றோடு மடங்கிய காலில் சுற்றுச் சுற்றாக ஏறி, இறைச்சிக்குள் இறங்கியிருந்தது. மிச்ச நூல் பின்னால் போய், மணலில் கிடந்த கிழிந்த வலைத்துண்டு ஒன்றில் முடிந்தது. பறவை எங்கே தத்தினாலும் அந்த வலைத்துண்டையும் இழுத்துக்கொண்டுதான் தத்தியது. முதல் நாள் படத்தில் பாதம் இறால் நிறத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமைப் படத்தில் கறுத்திருந்தது.

இது குப்பை இல்லை, அதைக் கட்டிப்போட்டிருக்கிற கயிறு என்றேன். அது செத்துப்போகும், நாளைக்குப் போனதும் முதல் வேலையாக அறுத்துவிட வேண்டும் என்றேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

“அது தங்கூசிதான். முதல் நாளே கண்டுட்டன்,” என்றார்.

நான் படத்தை விட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“அறுத்து உட்டா அது போயிரும், சார்மெயின். கொழும்பு ஆள் வாறது நாளைக்கு. அவர் பாத்திட்டுப் போகட்டும். மறுகா யோசிப்பம்.”

நம்பிக்கை, மூச்சுக் கணக்கு, ஊருகிற முறை எல்லாம் இதுதான். கட்டிப்போட்ட ஆட்டைப் பார்த்து, ஆடு என்னைவிட்டுப் பிரிய மாட்டேன் என்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறார். இந்த மனிதரோடு இத்தனை வருசம் ஒரே மேசையில் சாப்பிட்டதை நினைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. படத்தைத் துடைக்க மாட்டேன் என்று எழுந்து போனேன். கைப்பையில் சின்னக் கத்திரிக்கோலைப் போட்டேன். பழைய கட்டில் விரிப்பு ஒன்றையும் மடித்து வைத்தேன். இருட்டிவிட்டது. விடியட்டும், இந்தச் சனங்களைக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று தீர்மானித்தேன். எனக்கிருந்த பயம் ஒன்றுதான், அது விடியுமட்டும் உயிரோடு இருக்க வேண்டும்.

உயிரோடு இருந்தது. வாடைக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அடம்பன் கொடி ஓரமாக அது சரிந்து நின்றது. அலகைத் தூக்கி வைத்திருக்கவே கஷ்டப்பட்டது. கொழும்பு ஆள் ஒரு தொப்பியும் மெல்லிய சிரிப்புமாக வந்திருந்தார். நல்லரத்தினம் அவருக்கு ஒரு வரவேற்புரையே ஆற்றினார். பிறகு எல்லாரும் பச்சையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தார்கள். கொழும்பு ஆளும் படுத்தார். விருந்தாளிக்கென்று புதிதாக ஒரு போர்வை நான்தான் தைத்திருந்தேன், கெட்டித் தையல்.

நான் கைப்பையை முக்காலியடியில், என் கணவரின் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்தேன், அறுக்கக் கூப்பிட்டால் கத்திரிக்கோலோடு வரட்டும் என்று. விரிப்பை உதறிக்கொண்டு நேராகப் பறவையை நோக்கி நடந்தேன்.

முதலில் அவர்களுக்கு விளங்கவில்லை. பிறகு பற்றைகளுக்குள் இருந்து குரல்கள் எழுந்தன. நல்லரத்தினம் எழுந்து நின்று, சங்கத்துக்கு ஒழுக்க விதி இருக்கிறது, பறவைக்குக் கிட்டப் போகக் கூடாது, தொடக் கூடாது, முதுகில் எழுதியிருக்கிறது பாருங்கள் என்று கத்தினார். கையைத் தட்டிப் பறவைகளைக் கலைத்துப் படமெடுத்த அதே மனிதர். திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை. பறவை தத்தி ஓடியது, சிறகடித்து ஒரு முழம் எழும்பியது, வலைத்துண்டின் பாரம் இழுக்க விழுந்தது. நான் முழங்காலில் விழுந்து விரிப்பை வீசினேன். இரண்டாவது வீச்சில் அகப்பட்டது.

அது கத்திய கத்தல் நெஞ்சைக் கிழித்தது. சிறகை விரிப்போடு சேர்த்து மடியில் அமுக்கிப் பிடித்தேன். ஒரு கையை எடுத்தால் திமிறிப் போய்விடும், போனால் வலையோடுதான் போகும். இரண்டு கையும் பறவையில் இருக்கிறது, கத்திரிக்கோல் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். ஓர் ஆள் போதும். இவ்வளவு பேர் கிடக்கிறார்களே, ஓர் ஆள் கமராவை மணலில் வைத்துவிட்டு எழுந்து வந்தால் போதும்.

“இக்னேஷியஸ், என்ட பேக்குக்குள்ள கத்திரிக்கோல் கிடக்கு. எடுத்துக்கு ஓடி வாங்க,” என்று கூப்பிட்டேன்.

எழுந்தார். முழங்கால் வலியை மறந்து ஓடி வந்தார். வயிறு எரிந்ததெல்லாம் அந்தக் கணத்தில் எனக்கு அடங்கிப்போயிற்று. என்ன இருந்தாலும் என் மனிசன், கூப்பிட்டதும் வந்துவிட்டார் என்று நினைத்தேன். நாலு பாகத் தூரம் தள்ளி நின்றார். ஒரு முழங்காலை மணலில் ஊன்றினார். கையில் கமரா மட்டும்தான் இருந்தது.

“கொஞ்சம் இஞ்சால கிறுகு. உன்ட நிழல் அதுட முகத்தில விழுது,” என்றார்.

நான் திரும்பவில்லை. குனிந்து நூலில் பல்லை வைத்தேன். நாள் முழுக்க நூல் கடிக்கிற பல்லுக்கும் தங்கூசி லேசில் அறுபடாது. முதல் சுற்றுக் கடைவாயில் அறுந்தது. அடுத்தது இறைச்சிக்குள் கிடந்தது. பல் முரசு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது, என் இரத்தமா அதன் இரத்தமா என்று தெரியவில்லை. பறவை என் மணிக்கட்டில் கொத்திக்கொண்டே இருந்தது, கொத்தட்டும் என்று விட்டேன். சுற்றிலும் கமராக்களின் சத்தம், ஒன்றுகூட நிற்கவில்லை. கடைசிச் சுற்று அறுந்தபோது அதோடு சேர்ந்து பாதமும் கழன்று வந்தது. இழுக்கக்கூட இல்லை. காய்ந்த சுள்ளி தானாக விழுவது போல விழுந்தது.

விரிப்பைத் திறந்தேன். மணலில் சரிந்து விழுந்து, ஒற்றைக் காலில் எழும்பி, இரண்டு தத்துத் தத்தி, காற்றுக்கு முகம் கொடுத்துச் சிறகை விரித்தது. வலை இழுக்கவில்லை என்பதை அது நம்பக் கொஞ்சம் நேரம் எடுத்த மாதிரி இருந்தது. பிறகு அலைக்கு மேலாகத் தாழப் பறந்து, களுதாவளைப் பக்கமாகப் போயிற்று. மறையும்வரை பார்த்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

நான் கடலில் வாயைக் கழுவிவிட்டு வரும்போது எல்லோரும் என் கணவரைச் சுற்றி நின்றார்கள். சிறகு விரிந்த அந்தக் கணத்தை அவர்தான் பிடித்திருந்தார். என்னிடமும் காட்டினார், நல்ல மனசு. பறவை முழுக்க இருந்தது. நான் இல்லை, என்னை விட்டுத்தான் கமராவைப் பிடித்திருந்தார். கொழும்பு ஆள் அருமை, மிக அருமை என்றார். கலண்டருக்கு இதுதான் என்றார். ஒரே ஒரு குறை, கால். பார்க்கிறவர்களுக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும், மாதம் முழுக்கச் சுவரில் தொங்குகிற படம் அல்லவா என்று யோசித்தார்.

“அது ஒரு பிரச்சினையே இல்ல,” என்றார் இக்னேஷியஸ். “இருக்கிற காலைக் கொப்பி பண்ணி மற்றப் பக்கம் ஒட்டலாம். சார்மெயின் செய்வா.”

நான் கையை விரித்துக் காட்டினேன். கறுத்த பாதம், மூன்று விரல், அதைச் சுற்றித் தங்கூசி.

“மற்றக் கால் என்ட கையில கிடக்கு,” என்றேன். “தைச்சுத் தரட்டா?”

கொழும்பு ஆள் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். என் கணவர் பாதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையைத் திரும்பவும் பார்த்தார். நல்லரத்தினம்தான் கடைசியில் வாய் திறந்தார். அதில் கிருமி இருக்கும், எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள் மிஸிஸ் என்றார். நான் அதை அடம்பன் கொடியடியில் மணலைத் தோண்டிப் புதைத்தேன். பிறகு தெருவுக்கு நடந்து கல்முனைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். முக்காலியைக் கட்டிப்பிடிக்காமல் ஒரு தடவை வீடு போய்ச் சேர்ந்தேன்.

நான் அந்தப் படத்தைத் தொடவில்லை. ஆனால் வருசக் கடைசியில் கலண்டர் வந்தது. பெப்ரவரிப் பக்கத்தில் சிப்பிபிடிப்பான் சிறகு விரித்து நிற்கிறது. கீழே மாதத்தின் பெயரைவிடப் பெரிதாக இக்னேஷியஸ் என்று போட்டிருக்கிறது. டவுனில் யாரோ ஸ்டூடியோக்காரனிடம் கொடுத்துச் செய்வித்திருக்கிறார், சுத்தமான வேலை. இரண்டு காலும் அச்சாகப் பொருந்தி, பளபளவென்று சிவப்பாக இருக்கின்றன. அவரே ஆணி அடித்து என் முன்னறையில், மெசினுக்கு நேரே மாட்டினார். மற்ற மாதங்களுக்குப் பக்கம் புரட்டுவதில்லை.

கழற்றி எறியலாம். எறியவில்லை. பக்கத்தில் படுத்துக் கிடக்கிற மனிதர் யார் என்பது எனக்கு மறந்துபோகக் கூடாது.

போன கிழமை ஆயிஷா உம்மா பெருநாள் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தா. நல்ல மனுசி, வந்த உடனேயே படத்தைப் பார்த்து, அல்லாஹ்வின் படைப்பு எவ்வளவு வடிவு என்றா. நான் எல்லாருக்கும் சொல்வதை அவவுக்கும் சொன்னேன். அதுக்கு ஒரு கால்தான், மற்றது தங்கூசியில் அறுந்துபோயிற்று, நான் கையில் வைத்திருந்தேன் என்றேன்.

ஆயிஷா உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கலண்டருக்குக் கிட்டப் போனா. விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று தொட்டுப் பார்த்தா. பிறகு திரும்பி, சுகமில்லாத ஆளிடம் பேசுகிற மெல்லிய குரலில் சொன்னா.

“ரெண்டு கால் இரிக்கே, புள்ள.”

கையைத் தூக்கச் சொல்லி அளவெடுத்தேன்.